மூக்குக் கம்பி ஒருவழியா செட் ஆயிடுச்சு: ஏழாவது மாஸ்க்

நேத்து சாயங்காலம் எங்கப்பா கண்ணாடியையும் மாட்டிக்கிட்டு, நான் தச்ச மாஸ்க்கையும் போட்டுக்கிட்டு, திண்ணையில உக்காந்து பேப்பரை முதல் பக்கத்துல இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சு முடிச்சாரு. கண்ணாடியில ஆவியே படியல. நான் ரெண்டு தடவை கிட்டக்க போய் பாத்துட்டு வந்தேன். கொரோனாவுக்காக 2020 ஏப்ரல்ல ஆரம்பிச்ச வேலை, இப்ப ஆகஸ்ட், இது ஏழாவது மாடல். சந்தோஷத்துல ராத்திரி தூக்கமே வரல, அதான் மறக்குறதுக்குள்ள எழுதிடறேன்.

டக் (துணி மடிப்பு) எப்படி பிடிக்கிறது, ஓரம் எப்படி மடிச்சு அடிக்கிறதுன்னு தையல் தெரிஞ்ச யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்ல, அதெல்லாம் விட்டுடறேன். துணி மட்டும் சொல்றேன். ஜூன் 5ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் துணி மாஸ்க்குக்கு மூணு அடுக்கு சொன்னாங்கல்ல, வாய்ப்பக்கம் ஈரம் உறிஞ்சுற காட்டன், நடுவுல பாலிப்ரோப்பிலீன் நான்-ஓவன் (நெய்யாத பிளாஸ்டிக் இழைத் துணி), வெளிய ஈரம் ஏறாத பாலியஸ்டர் கலந்த துணி, அதையே பிடிச்சுக்கிட்டேன். உள்பக்கத்துக்கு அம்மாவோட பழைய சுங்குடி சேலை, துவைச்சு துவைச்சு பஞ்சு மாதிரி ஆயிருச்சு, கன்னத்துல பட்டா உறுத்தாது. நெசவு கொஞ்சம் லேசுதான், வெளிச்சத்துல பிடிச்சா தெரியுது, ஆனா மத்த ரெண்டு அடுக்கு இருக்கறதால பரவாயில்லன்னு விட்டுட்டேன். வெளிப்பக்கத்துக்கு போன வருஷம் அக்கா பையனுக்கு யூனிஃபார்ம் தச்சதுல மிஞ்சுன டெரிகாட்டன், ஒரு சொட்டு தண்ணி விட்டா முத்து மாதிரி நிக்குது. நடுவுக்கு துணிக்கடையில சேலை போட்டுக் குடுத்த நான்-ஓவன் பை, அச்சு இல்லாத பக்கமா பாத்து வெட்டுனது. காட்டனை வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி தண்ணில ஊறப் போட்டு காய வச்சிருங்க, நான் முதல் மாஸ்க்குல அதைச் செய்யாம விட்டு, ரெண்டு சலவையில உள்பக்கம் சுருங்கி வெளித்துணி பூரி மாதிரி உப்பிடுச்சு.

ஆனா உண்மையில என் நாலு மாசத்தையும் தின்னது துணி இல்ல, மாஸ்க்கோட மேல் ஓரத்துல மூக்குக்கு ஏத்த மாதிரி வளைக்கிற மூக்குக் கம்பி.

முதல்ல கம்பியே வைக்கல. அப்பா போட்டதும் கண்ணாடி முழுக்க புகை மாதிரி மூடிக்கிச்சு, படி இறங்கும்போது தடுமாறிட்டாரு, உடனே கழட்டி பாக்கெட்ல வச்சுட்டாரு. சரி, துணி பத்தல போலன்னு நெனச்சு இன்னொரு அடுக்கு சேத்து நாலா தச்சேன், ஆவி இன்னும் ஜாஸ்தி! அப்பதான் உறைச்சது. மூச்சுக்கு எங்க வழி லேசா இருக்கோ அங்கதான் போகும், துணி நெருக்கமா ஆக ஆக அது மூக்கு ஓரம் இருக்குற சந்து வழியாத்தான் ஓடும். மேல ஆவி வருதுன்னா காத்து வடிகட்டாம வெளிய போகுதுன்னு அர்த்தம், உள்ள வர்றதும் அதே சந்து வழியாத்தான் வரும். எத்தனை அடுக்கு போட்டாலும் மூக்கு ஓரம் அடைக்கலன்னா பாதி வேலை வீண், இதை நான் இப்ப அடிச்சு சொல்லுவேன்.

அப்புறம் வரிசையா கம்பி வேட்டை. பிரட் பாக்கெட் வாயைக் கட்டுற முறுக்குக் கம்பி வச்சேன், முதல் சலவையிலேயே மேல இருந்த பேப்பர் கரைஞ்சு நூல் மாதிரி கம்பி மட்டும் மிச்சம். கட்டடத்துக்கு கட்டுற கட்டுக்கம்பி வச்சேன், நல்லா வளையுது, ஆனா மூணாம் நாள் சுங்குடி மேல துருக் கோடு. கூல்டிரிங்ஸ் டின்னை பட்டையா வெட்டி வச்சேன், ஓரம் பிளேடு மாதிரி, துணியையே அறுத்துடுச்சு, அதுவும் பத்து தடவை வளைச்சா நடுவுல ஒடிஞ்சிடுது. வீட்டு வயரிங்ல மிஞ்சுன செம்பு வயரை பிளாஸ்டிக் உரையோடவே வச்சுப் பாத்தேன், துரு இல்ல, ஒடியல, ஆனா உருண்டையா இருக்கறதால பட்டிக்குள்ள உருண்டு திரும்பிக்குது. மூக்குக்கு வளைச்ச வளைவு கண்ணைப் பாத்து நிக்குது. போதாக்குறைக்கு ரெண்டு முனையும் துணியைக் குத்திக்கிட்டு வெளிய வந்துடுது, அம்மாவுக்கு கண்ணுக்குக் கீழ கீறலே விழுந்துடுச்சு, அன்னிக்கு மனசு ரொம்ப கஷ்டமாயிடுச்சு. அதோட அந்த மாடலை நிறுத்திட்டேன்.

விடை எங்க தெருமுனையில இருந்துச்சு. மோட்டார் காயில் கட்டுற கடை அண்ணன்கிட்ட மிக்ஸி ரிப்பேருக்குப் போனப்ப தரையில வைண்டிங் கம்பி துண்டு கெடந்தது. வார்னிஷ் பூசுன செம்பு, துரு பிடிக்காது, விரலால வளைச்சா அப்படியே நிக்குது. "அண்ணே இதுல கொஞ்சம் வேணும்"னேன், "எதுக்கும்மா, எடுத்துக்க"ன்னு 20 கேஜ்ல ரெண்டு மீட்டர் போல குடுத்தாரு, காசு வாங்க மாட்டேன்னுட்டாரு. எரிஞ்ச காயில்ல இருந்து உருவுனது வேணாம், அதுல வார்னிஷ் பொரிஞ்சு உதிருது, புதுக் கம்பியா பாத்து வாங்குங்க.

அதையும் ஒத்தைக் கம்பியா வச்சா உருளத்தான் செய்யும். அதனால 22 செ.மீ. வெட்டி, கொண்டை ஊசி மாதிரி ரெண்டு பக்கமும் மடிச்சு, ரெண்டு முனையும் நடுவுல வந்து ஒண்ணையொண்ணு தாண்டுற மாதிரி பண்ணேன். இப்ப நீளம் 10 செ.மீ. சொச்சம், ரெண்டு கம்பி பக்கத்துல பக்கத்துல படுத்திருக்கறதால பட்டை மாதிரி நிக்குது, உருளாது, ஓரத்துல குத்துறதுக்கு முனையே இல்ல. நடுவுல முனை சேர்ற இடத்துல மட்டும் ஒரு துண்டு துணி டேப் சுத்திட்டேன்.

அடுத்த தலைவலி அதை உள்ள எப்படி வைக்கிறது. வச்சுத் தச்சா ஊசி கம்பியில பட்டு ஒடிஞ்சிடுது, எனக்கு 16ஆம் நம்பர் ஊசி மட்டும் அஞ்சு போச்சு, ஒரு முனை தெறிச்சு கன்னத்துல பட்டது, கண்ணுல படல, அந்த மட்டும் தப்பிச்சேன். கடைசியில உள்பாவாடை மாதிரி நாடாப் பட்டி வச்சுட்டேன். மேல் ஓரத்துல அரை இஞ்ச்சுக்கு ஒரு பட்டி, ஒரு பக்கம் வாய் திறந்தே இருக்கும், தச்சு முடிச்சப்புறம்தான் கம்பியை உள்ள விடறது, துவைக்கிறப்ப உருவிக்கலாம். பட்டி கம்பியை விட ரொம்ப அகலமா இருந்துட்டா உள்ள ஆடும், அதனால ரெண்டாவது தையலை கம்பிக்கு ஒட்டி, ஒரு நூல் இடம் மட்டும் விட்டு அடிக்கணும். கம்பி மூக்கெலும்பு மேல படணும், கீழ மெத்துன்னு இருக்குற இடத்துல பட்டா மூக்கு அடைக்குது, சந்து மட்டும் அப்படியே இருக்கு.

போடறப்ப ஒரே கையால பிடிச்சு கிள்ளாதீங்க. அப்படி பண்ணா நடுவுல கூர்மையா மடங்கி ரெண்டு பக்கமும் சந்து விழுது. ரெண்டு கை விரலையும் நடுவுல வச்சு, மூக்கோட ரெண்டு பக்கமும் வழிச்சு கன்னம் வரைக்கும் அழுத்திட்டு வரணும். இது என் அத்தை பொண்ணு சொல்லிக் குடுத்தது, அவ ஆஸ்பத்திரியில நர்ஸு, என்95ங்கற ஆஸ்பத்திரி மாஸ்க் போடறப்ப அவங்களுக்கு இப்படித்தான் சொல்லித் தர்றாங்களாம்.

அவகிட்ட கேட்டு இன்னொண்ணும் தெளிவாச்சு. எதிர்வீட்டு மாமா என்95ஐ சோப்புத் தண்ணியில அலசி கொடியில காயப் போட்டிருந்தாரு. அது நடுவுல இருக்குற மெல்ட்-ப்ளோன் (பிளாஸ்டிக்கை உருக்கி ஊதிச் செஞ்ச இழை) அடுக்குல நிலை மின்சாரம் ஏத்தி வச்சிருப்பாங்க, அந்த மின்சாரம்தான் பொடிப்பொடித் துகளை இழுத்துப் பிடிக்குது, 0.3 மைக்ரான் துகள்ல குறைஞ்சது 95 சதவீதத்தை தடுக்கறதாலதான் அந்தப் பேரே. சோப்போ ஸ்பிரிட்டோ பட்டா அந்த மின்சாரம் போயிடும், பாக்க மாஸ்க் அப்படியேதான் இருக்கும். மாமாவுக்கு நான் ரெண்டு துணி மாஸ்க் தச்சுக் குடுத்துட்டேன், இதை தினமும் சுடுதண்ணியில சோப்பு போட்டு துவைச்சுக்கங்கன்னு. துணி மாஸ்க் என்95க்கு ஈடு ஆகாது, நோயாளிக்குப் பக்கத்துல நிக்கிறவங்களுக்கு அதுதான் வேணும், நாம கடைகண்ணிக்குப் போறதுக்கு இது. அப்புறம் வால்வு வச்ச மாஸ்க் யாராவது வாங்கி வச்சிருந்தா போடாதீங்க, நாம விடற மூச்சு வடிகட்டாமலே வெளிய வருது, ஜூலையில மத்திய சுகாதாரத் துறையே மாநிலங்களுக்கு எழுதிட்டாங்க.

எலாஸ்டிக் கதை தனி. எப்பவும் மீனாட்சி கோயில் எதிர்ல இருக்குற புது மண்டபத்துல, அங்க இருந்த தையல் சாமான் கடையில, ரோலா வாங்கிட்டு வருவேன், ஜூன் 24ல மதுரையில மறுபடியும் முழு ஊரடங்கு போட்டதும் அங்குட்டு போகவே வழியில்ல. ஆன்லைன்ல ஒரு ஆளுகிட்ட ஆர்டர் போட்டேன், வந்தது நாலு சலவையில தொளதொளன்னு ஆயிடுச்சு, கேட்டா பதிலே இல்ல. அந்தக் கோவத்துலதான் எலாஸ்டிக்கே வேணாம்னு தலைக்குப் பின்னாடி கட்டுற நாடா வச்சேன், பாத்தா அதுதான் இன்னும் நல்லா உக்காருது, காதும் வலிக்கல. 1910-11ல சீனாவோட வடகிழக்குல இருக்குற மஞ்சூரியாவுல நுரையீரல் பிளேக் வந்தப்ப, பினாங்குல பொறந்த டாக்டர் வு லியென்-தே பஞ்சை காயத்துக்குக் கட்டுற காஸ் துணியில சுத்தி வாலு விட்டு தலைக்குப் பின்னாடி கட்டுற மாதிரிதான் மாஸ்க் பண்ணாராம். அதைப் படிச்சப்ப அவர் மேல பெரிய மரியாதை வந்துச்சு.

அயர்ன் பண்றவங்க கவனம். நான்-ஓவன் 160 டிகிரிக்கு மேல போனா உருகிடும், காட்டன் சூட்டுல வச்சா அதைத் தாண்டிடும். நான் ஒரு மாஸ்க்கை அப்படித்தான் கெடுத்தேன், அடியில ஒட்டுனதைச் சுரண்டவே ஒரு மணி நேரம் ஆச்சு. டக் நிக்கணும்னா நடு அடுக்கு வைக்கிறதுக்கு முன்னாடியே துணியை தேச்சுக்கங்க.

அடுத்து பக்கத்து வீட்டு பாப்பாவுக்கு ஒண்ணு தைக்கணும். அதுக்கு காது கேக்காது, உதட்டைப் பாத்துத்தான் புரிஞ்சுக்கும், எல்லாரும் வாயை மூடுனதுல இருந்து ரொம்ப தவிச்சுப் போயிருக்கு. அதனால மாஸ்க் அதுக்கு இல்ல, அதோட அம்மாவுக்கு, வாய்கிட்ட தெளிவான ஷீட் வச்சு. ஓஹெச்பி ஷீட்டை வெட்டிப் பாத்தேன், ரெண்டு நிமிஷத்துல ஆவி பிடிக்குது, பாத்திரம் கழுவுற சோப்பை லேசா தடவித் துடைச்சா கொஞ்ச நேரம் தாங்குது. யாராவது இதுல கை வச்சிருந்தா சொல்லுங்க, எனக்கு உடனே வேணும்.

இப்போதைக்கு அப்பாவோடது ஒண்ணு முடிஞ்சது. அம்மாவோடதுல பட்டி அடிச்சாச்சு, நாடா கோக்கல, கம்பியும் இன்னும் வெட்டல. அம்மா மூக்கு சின்னது, 9 செ.மீ. போதும்னு தோணுது, நாளைக்கு காலையில ஒரு நூலை வச்சு அளந்து பாத்துட்டுத்தான் வெட்டணும்.