ஷெல்லாக்கில் பாடியவர்கள், வினைலில் கேட்கும் நாம்

அமெரிக்க ப்ளூஸ் பாடகர்களில் பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன் இறந்தது 1929-இல், சார்லி பாட்டன் 1934-இல். நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் வினைல் இசைத்தட்டான எல்பி கடைக்கு வந்தது 1948-இல். ஆகவே இவர்களுடைய எல்பி என்று நம் கையில் இருப்பது, பெரும்பாலும் யாரோ ஒருவர் ஒரு பழைய 78 சுற்று ஷெல்லாக் தட்டை ஓடவிட்டு எடுத்த பிரதி. எந்தத் தட்டு, எந்த ஊசி, எந்த வேகம் என்று அவர் எடுத்த முடிவுகள் பாட்டனின் குரலோடு சேர்ந்தே நமக்குக் கேட்கின்றன. எல்பி வாங்குமுன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இவர்கள் இருவரும் பாடிக்கொடுத்த பாரமவுண்ட் நிறுவனத்தின் தட்டுகள் ஏன் அவ்வளவு இரைகின்றன என்பதில் தொடங்கலாம். அந்த நிறுவனம் விஸ்கான்சினில் நாற்காலி செய்த கம்பெனி ஒன்றின் கிளை. பாட்டன் முதன்முதலில் பதிவு செய்தது 1929 ஜூனில், இண்டியானாவின் ரிச்மண்டில் இருந்த ஜெனட் ஸ்டூடியோவில். அதன்பின் பாரமவுண்ட் விஸ்கான்சினிலேயே கிராஃப்டன் என்ற சிற்றூரில் சொந்த ஸ்டூடியோ திறந்தது. ப்ளூஸ் பாடகர்களான சன் ஹவுஸ் 1930-லும் ஸ்கிப் ஜேம்ஸ் 1931-லும் அங்கேதான் பாடினார்கள். ஷெல்லாக் தட்டில் அரக்கு சிறு பங்குதான், மீதியெல்லாம் கல்மாவும் கரியும் போன்ற நிரப்புப் பொருள். அந்தக் கலவையைப் பாரமவுண்ட் மலிவாகவே செய்தது. அதனால் புதுத்தட்டிலேயே இரைச்சல் இருந்தது. 1932-இல் பதிவுகள் நின்றன. உலோக அச்சுகளில் பெரும்பாலானவை பழைய உலோகமாகப் போய்விட்டன. அச்சு இருந்தால் சுத்தமாக மறுபடி அடித்துக்கொள்ளலாம். அது இல்லாததால், யார் வீட்டிலோ தேய்ந்து மிஞ்சிய ஓரிரு பிரதிகள்தான் கதி. சில தட்டுகளுக்கு அதுவும் இல்லை. இன்னொரு ப்ளூஸ் பாடகரான வில்லி பிரவுனின் பாரமவுண்ட் 13099 எண் தட்டு இன்றுவரை கிடைக்கவில்லை.

கம்பெனி மாறினால் ஒலி எவ்வளவு மாறும் என்பதற்கு ஜெஃபர்சனே சாட்சி. 1927 மார்ச்சில் அவர் அட்லாண்டாவில் ஒக்கே நிறுவனத்துக்காக ‘மேட்ச்பாக்ஸ் ப்ளூஸ்’ பாடினார். அது ஒக்கே 8455 ஆக வந்தது. அதே பாட்டை அதே ஆண்டில் பாரமவுண்டுக்கும் பாடினார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஒக்கேயில் கிதாரின் கீழ்க்கம்பிகள் தனித்தனியாக விழும், குரல் முன்னால் நிற்கும். பாரமவுண்டில் அவை இரைச்சலுக்குள் போய்விடும். ஜெஃபர்சனைப் புதிதாகக் கேட்பவருக்கு நான் முதலில் கொடுப்பது ஒக்கே பதிவைத்தான். அவர் விரல்கள் என்ன செய்கின்றன என்பது அதில்தான் தெரிகிறது.

இனி ஊசி. அந்தக் காலத்து ஃபோனோகிராஃபில் ஒலித்தலையின் எடை 100 கிராமுக்கு மேல், முனையில் எஃகு ஊசி. பக்கத்துக்கு ஒரு புது ஊசி போட வேண்டும், பலர் போடவில்லை. அதனால் பள்ளத்தின் சுவர் ஒரு குறிப்பிட்ட உயரத்தில் மட்டும் தேய்ந்திருக்கும். அதற்கு மேலும் கீழும் தேயாத சுவர் இருக்கும். நல்ல பிரதி எடுப்பவர் 2.3 மில் முதல் 3.5 மில் வரை பல அளவு ஊசிகளை வைத்துக்கொண்டு, எந்த அளவு தேயாத இடத்தில் உட்கார்கிறது என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார். (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, ஏறத்தாழ 25 மைக்ரான்.) ஒரே தட்டிலிருந்து வந்த இரண்டு எல்பிகள் வேறு வேறாக ஒலிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வீட்டில் 78 ஓட்ட நினைப்பவர்களும் இங்கேதான் சறுக்குகிறார்கள். எல்பி ஊசி 0.7 அல்லது 1 மில். அதை 78-இல் வைத்தால் பள்ளத்தின் அடியில் கிடக்கும் தூசியைத்தான் உழும். 3 மில் ஊசியும் அதற்கேற்ற கார்ட்ரிட்ஜும் (ஊசியின் அசைவை மின்குறியாக்கும் பகுதி) வேண்டும், அழுத்தம் 3 முதல் 5 கிராம். 78-இல் ஒலி பக்கவாட்டு அசைவில் மட்டுமே இருப்பதால், ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜின் இரு சேனல்களையும் மோனோவாக இணைத்துவிடுங்கள். செங்குத்து அசைவிலிருந்து வரும் இரைச்சல் அப்படியே ரத்தாகிவிடும். செலவே இல்லாமல் இவ்வளவு பலன் தரும் வேலை வேறில்லை.

அடுத்தது ஈக்வலைசேஷன், அதாவது பதியும்போது கூட்டிக் குறைத்த ஸ்தாயிகளைக் கேட்கும்போது சமன்செய்வது. இன்றைய ஃபோனோ ப்ரீஆம்ப் (கார்ட்ரிட்ஜின் மெல்லிய குறியைப் பெருக்கும் கருவி), ஐம்பதுகளில் பொதுவான ஆர்ஐஏஏ வளைவு என்ற அளவுகோலின்படி 10 கிலோஹெர்ட்ஸில் ஏறத்தாழ 14 டெசிபெல் குறைக்கும். 1920-களின் தட்டுகளில் மேல்ஸ்தாயி அப்படி உயர்த்திப் பதியப்படவில்லை. ஆகவே பாட்டு கம்பளிக்குள்ளிருந்து கேட்பதுபோல் மங்கும். அது தட்டின் குறை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். வளைவை மாற்றும் வசதியுள்ள ப்ரீஆம்ப் இருந்தால் மேல்ஸ்தாயியைச் சமமாக வைத்து, கீழ்ஸ்தாயி டர்ன்ஓவரை (கீழ்ஸ்தாயியைச் சரிசெய்வது தொடங்கும் இடம்) 250 ஹெர்ட்ஸ் பக்கம் வையுங்கள். டர்ன்டேபிளில் 78 வேகம் இல்லாவிட்டால் 45-இல் ஓட்டிப் பதிவு செய்து, கணினியில் 1.739 மடங்கு வேகப்படுத்தலாம். ஆனால் வரிசை முக்கியம்: முதலில் ஆர்ஐஏஏ-வை நீக்க வேண்டும், பிறகுதான் வேகம். மாற்றிச் செய்தால் வளைவு தவறான அலைவரிசைக்கு நகர்ந்துவிடும்.

வேகத்திலும் ஒரு சிக்கல். ‘78’ என்பது பேருக்குத்தான். 80-இல் பதிந்ததை 78-இல் ஓட்டினால் சுருதி கிட்டத்தட்ட அரை செமிடோன் (செமிடோன் என்பது அடுத்தடுத்த இரு சுரங்களின் இடைவெளி) இறங்கும். கிதாரை வைத்துச் சரிபார்க்கலாம் என்றால், இவர்கள் ஏ-440 என்ற பொதுச் சுருதிக்குச் சேர்த்தவர்கள் அல்லர், கம்பிகளை இறுக்கிச் சுருதியை ஏற்றும் கேபோவும் போட்டார்கள். ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சனின் 1936, 1937 பதிவுகளை வேண்டுமென்றே வேகப்படுத்தி விற்றார்கள் என்று ஒரு வாதம் உலவுகிறது. இரண்டு ஊர்களில், ஏழு மாத இடைவெளியில் நடந்த அமர்வுகள் எல்லாம் ஒரே அளவுக்குப் பிசகின என்று ஏற்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

எல்பி தேடும்போது அட்டையில் ‘எலக்ட்ரானிக்கலி ரீ-சேனல்டு ஃபார் ஸ்டீரியோ’ என்றிருந்தால் விட்டுவிடுங்கள். மோனோ ஒலியை இரண்டாகப் பிரித்து எதிரொலி சேர்த்த அறுபதுகளின் வேலை அது. ஜான்சனுக்கு 1961-இல் வந்த கொலம்பியா எல்பியில் மோனோ எண் சிஎல் 1654. கிராமப்புற ப்ளூஸுக்கு ஆரிஜின் ஜாஸ் லைப்ரரி, யாஸூ ஆகிய நிறுவனங்களின் வெளியீடுகளைத் தேடலாம். எடுத்த தட்டின் லேபிள், எண், பதிவு தேதி ஆகியவற்றைப் பின்னட்டையில் தரும் வெளியீட்டை நம்பலாம்.

சுத்தம் செய்யும்போது வினைலையும் ஷெல்லாக்கையும் ஒன்றாக நினைக்காதீர்கள். வினைலுக்கான திரவங்கள் பலவற்றில் ஆல்கஹால் உண்டு. ஷெல்லாக்கை ஆல்கஹால் கரைத்துவிடும், ஒரு துடைப்பிலேயே பளபளப்பு போய்ப் பள்ளம் மழுங்கும். 78-க்கு வாலைவடிநீரில் ஒரு சொட்டு மிதமான சோப்புத் திரவம், மென்மையான பிரஷ், பள்ளத்தின் போக்கிலேயே சுற்றித் தேய்த்தல், லேபிள் நனையாமல் அலசல், செங்குத்தாக நிறுத்தி உலர்த்தல் போதும். கொலம்பியா போன்ற நிறுவனங்கள் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த தட்டுகளில் மேல்பூச்சு விரிசல் கண்டிருந்தால் தண்ணீரே வேண்டாம். நீர் உள்ளே இறங்கினால் பூச்சு எழும்பிவிடும். ஈரமில்லாத பிரஷ்ஷால் தூசியை மட்டும் எடுங்கள்.