பாஸ்போர்ட்டின் கடைசித் தேதியும் கைப்பையில் இருக்கும் மாத்திரையும்

சில ஆண்டுகளுக்கு முன், என்னுடன் வெளிநாடு வரவிருந்த நண்பர் ஒருவர், பயணச்சீட்டும் தங்குமிட முன்பதிவும் கையில் இருந்தும் விமான நிலையத்திலிருந்தே திரும்பிப் போக நேர்ந்தது. அவருடைய பாஸ்போர்ட் காலாவதியாக இன்னும் நான்கு மாதங்கள் இருந்தன. ஆனால் நாங்கள் செல்லவிருந்த நாடோ, உள்ளே நுழையும் நாளிலிருந்து 6 மாதங்களாவது அது செல்லுபடியாக வேண்டும் என்று கேட்கும் நாடு. அன்று அவர் முகத்தைப் பார்த்தது முதல், எந்தப் பயணத்தைத் திட்டமிட்டாலும் நான் முதலில் பார்ப்பது அந்தத் தேதியைத்தான். ஷெங்கன் நாடுகளின் (தங்களுக்குள் பொதுவாக எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின்) விதி இன்னும் நுட்பமானது: பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு 3 மாதங்களேனும் செல்லத்தக்கதாகவும் இருக்க வேண்டும். அங்கே குறுகிய காலம் தங்குவதற்கான வரம்பு எந்த 180 நாள்களிலும் 90 நாள்கள் என்பதை, மூன்று மாதம் என்று தோராயமாக எண்ணிவிடக் கூடாது.

மருந்து விஷயத்தில்தான் நாம் மிகவும் அலட்சியமாக இருக்கிறோம் என்பது என் வருத்தம். ஓரிடத்தில் சளிக்குச் சாதாரணமாகக் கிடைக்கும் மாத்திரை வேறிடத்தில் தடைசெய்யப்பட்டதாக இருக்கலாம். மூக்கடைப்பைக் குறைக்கும் சூடோஎஃபெட்ரின் என்ற மருந்துப்பொருள் 10 சதவீதத்துக்கு மேல் கலந்த மருந்துகளை ஜப்பானுக்குள் கொண்டுசெல்ல முடியாது. ஆகவே, செல்லும் நாட்டின் தூதரக இணையதளத்தில் முன்கூட்டியே பார்த்துவிட்டு, மருந்தின் பொதுப்பெயர் (நிறுவனம் வைத்த பெயரல்ல, மருந்துப்பொருளின் பெயர்) எழுதிய மருத்துவர் சீட்டுடன், அசல் உறையிலேயே மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள். பவர் பேங்கும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் சரக்கறையில் அதை உடனே அணைக்க ஆள் இருக்காது.

கடையில் அட்டை இயந்திரம் எந்த நாணயத்தில் செலுத்துகிறீர்கள் என்று கேட்டால், உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். சொந்த நாணயத்தைத் தேர்ந்தெடுத்தால், அங்கேயே செய்யப்படும் மாற்றத்துக்குப் பெரும்பாலும் கூடுதல் தொகை போய்விடும்.