எஃப் 5 விசைக்குப் பின்னால் இருக்கும் ஒரு வரி

நிரல் எழுதும் எடிட்டர்களில் நான் அதிகம் புழங்குவது ஜீனி. 2005-இல் முதன்முதலாக வெளிவந்த இந்தச் சிறிய கட்டற்ற மென்பொருள், என்னுடைய பழைய மடிக்கணினியிலும் முனகாமல் திறந்துகொள்வதால் அதை விட மனம் வரவில்லை. எஃப் 8 அழுத்தினால் நிரல் கம்பைல் ஆகும், அதாவது கணினிக்குப் புரியும் வடிவுக்கு மாறும். எஃப் 9 அழுத்தினால் இயங்கும் கோப்பு உருவாகும். எஃப் 5 அழுத்தினால் அது ஓடும். வெகுகாலம் இதற்கு மேல் எதையும் தெரிந்துகொள்ள நான் முயலவில்லை. ஒரு சி நிரலில் வர்க்கமூலம் காண வேண்டி வந்தபோதுதான் எஃப் 9 பிழை காட்டி நின்றது. அதே நிரலை டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில், கையால் கட்டளை கொடுத்துக் கம்பைல் செய்தபோது எந்தத் தடையும் இருக்கவில்லை.

காரணத்தைத் தேடிப் பில்ட் மெனுவில் 'செட் பில்ட் கமாண்ட்ஸ்' என்ற பகுதியைத் திறந்தேன். எடிட்டர் தனக்கென்று ஒரு கம்பைலரை வைத்திருக்கவில்லை என்பதும், நாம் டெர்மினலில் தட்டச்சு செய்யும் அதே ஒற்றை வரியை நமக்குப் பதிலாக அது அனுப்புகிறது என்பதும் அங்கேதான் எனக்கு விளங்கின. அந்த வரியில் ஜிசிசி என்ற கம்பைலரின் பெயரும், எச்சரிக்கைகளைக் காட்டச் சொல்லும் குறிப்பும், அவற்றுக்குப் பின் இரண்டு விநோதமான குறியீடுகளும் இருந்தன. '%எஃப்' என்பது அப்போது திறந்திருக்கும் கோப்பின் பெயராக மாறுகிறது. '%இ' என்பது அதே பெயரின் பின்னொட்டை நீக்கிய வடிவமாக மாறுகிறது. இவை தவிர, கோப்பு இருக்கும் கோப்புறையைக் குறிக்க '%டி' உண்டு. புராஜெக்ட் ஒன்றைத் திறந்திருந்தால் அதன் அடிப்படைக் கோப்புறையைக் குறிக்க '%பி' உண்டு. நான் கையால் கொடுத்த கட்டளையில் கணித நூலகத்தை (முன்பே எழுதிவைத்த கணிதச் செயல்பாடுகளின் தொகுப்பை) இணைக்கும் '-எல்எம்' இருந்தது, எடிட்டரின் வரியில் இல்லை. வேறுபாடு அவ்வளவுதான். அதை வரியின் கடைசியில், கோப்பின் பெயருக்குப் பிறகு சேர்த்ததும் எஃப் 9 வேலை செய்தது. முன்னால் சேர்த்தால் பல லினக்ஸ் கணினிகளில் பழைய பிழையே திரும்ப வரும். ஏனெனில் நிரலின் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் இணைப்பி, நூலகத்தைப் பார்க்கும் நேரத்தில் அதைக் கேட்கும் கோப்பு இன்னும் வந்து சேர்ந்திருக்காது.

வரியைத் திருத்தலாம் என்று தெரிந்த பிறகு, தேவையில்லாதவற்றையும் திருத்தத் தொடங்கினேன். '%எஃப்' குறியீட்டைச் சுற்றி இருந்த இரட்டை மேற்கோள் குறிகள் அழகு குலைப்பதாகத் தோன்றவே அவற்றை நீக்கினேன். பெயருக்கு நடுவே இடைவெளி கொண்ட ஒரு கோப்பைத் திறந்த நாளில், கட்டளைகளைப் படித்து நிறைவேற்றும் நிரலான ஷெல் அந்தப் பெயரை இரண்டு கோப்புகளாகப் பிரித்துக் கொடுக்க, இரண்டுமே இல்லை என்று கம்பைலர் பதில் சொன்னது. மேற்கோள் குறிகள் உடனே தத்தம் இடத்துக்குத் திரும்பின.

அடுத்த தவறு இன்னும் சுவையானது. எஃப் 5 விசைக்கான வரியில் '%இ' குறியீட்டுக்கு முன்னால் ஒரு புள்ளியும் சாய்கோடும் இருக்கும். ஓட வேண்டியது இந்தக் கோப்புறையில் உள்ள நிரல்தானே, அது எதற்கு என்று எண்ணி அதையும் அழித்தேன். அன்று நான் எழுதிய கோப்பின் பெயர் 'டெஸ்ட்'. எஃப் 5 அழுத்தினால் டெர்மினல் திறக்கிறது. என் நிரல் அச்சிட வேண்டிய எதுவும் வரவில்லை. பிழைச் செய்தியும் இல்லை. நிரல் 1 என்ற குறியெண்ணுடன் முடிந்தது என்று மட்டும் ஒரு வரி வருகிறது. பிரின்ட் வரிகளைச் சேர்த்துச் சேர்த்து ஒரு மாலைப் பொழுதைத் தொலைத்தேன். லினக்ஸின் ஷெல் நடப்புக் கோப்புறையில் நிரல்களைத் தானாகத் தேடாது; அதோடு 'டெஸ்ட்' என்ற பெயரில் ஷெல்லுக்கே சொந்தமான ஒரு கட்டளை இருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஓடியது அந்தக் கட்டளைதான். சோதிப்பதற்கு எதுவும் தரப்படாவிட்டால் அது சத்தமில்லாமல் 1 என்று சொல்லிவிட்டுப் போய்விடும்.

அந்தக் குறியெண்ணைக் கவனிக்கப் பழகியது இதில் கிடைத்த லாபம். எஃப் 5 அழுத்தும்போது ஜீனி ஷெல்லுக்கான கட்டளைகள் அடங்கிய ஒரு சிறிய ஸ்கிரிப்டைத் தற்காலிகமாக எழுதி, அதை டெர்மினலிடம் ஒப்படைக்கிறது. நம் நிரல் ஓடி முடிந்ததும் குறியெண்ணை அச்சிட்டு, என்டர் விசைக்காகக் காத்திருப்பது அந்த ஸ்கிரிப்டின் வேலை. 0 என்றால் நலம். 139 என்றால் நினைவகத்தில் தொடக்கூடாத இடத்தைத் தொட்டிருக்கிறோம் என்று பொருள், ஏனெனில் இயங்குதளம் அனுப்பும் 11-ஆம் எண் சிக்னலால் நிரல் கொல்லப்பட்டால், அந்த எண்ணோடு ஷெல் 128-ஐக் கூட்டிச் சொல்கிறது. டர்போ சி-யில் படித்து வந்தவர்கள், வெளியீட்டுத் திரை மறையாமல் நிற்க வேண்டும் என்பதற்காகவே ஒவ்வொரு நிரலின் முடிவிலும் ஒரு விசைக்காகக் காத்திருக்கும் 'கெட்ச்' எழுதியது நினைவிருக்கும். இங்கே அந்தக் காவல் வேலையை ஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்வதால், நிரலுக்குள் அப்படி ஒரு வரியைத் திணிக்க வேண்டியதில்லை.

கட்டளை ஷெல் வழியாக ஓடுவதில் இன்னொரு வசதியும் உண்டு. முப்பது எண்களை உள்ளீடாகக் கேட்கும் நிரலை ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்து சோதிப்பது தண்டனை. எஃப் 5 வரியின் முடிவில் இடப்பக்கம் நோக்கிய கோண அடைப்பையும் ஓர் உரைக் கோப்பின் பெயரையும் சேர்த்தால், நிரல் விசைப்பலகைக்குப் பதிலாக அந்தக் கோப்பிலிருந்து எண்களை எடுத்துக்கொள்கிறது.

பைத்தானுக்கு நான் செய்த மாற்றம் சிறியதுதான். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிவுக்கு வந்த பிறகு, வெறும் 'பைத்தான்' என்ற கட்டளை சில கணினிகளில் இல்லவே இல்லை. ஆகவே அந்த இடத்தில் 'பைத்தான்3' என்று எழுதினேன். தனக்கென்று நூலகங்களை வைத்திருக்கும் தனி மெய்நிகர் சூழல் உள்ள வேலைகளில் '%டி' குறியீட்டைத் தொடர்ந்து, அந்தச் சூழலின் கோப்புறைக்குள் இருக்கும் பைத்தானின் பாதையையே முழுதாகக் கொடுத்துவிடுகிறேன். சூழலை முதலில் ஆக்டிவேட் செய்தாக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள்; அதற்குள் இருக்கும் பைத்தானை நேரடியாக அழைத்தாலே அதன் நூலகங்கள் கிடைத்துவிடும்.

இப்படி மொழிவாரியாகத் திருத்திய வரிகள் யாவும் பயனரின் முகப்புக் கோப்புறையில், மறைந்திருக்கும் கான்ஃபிக் கோப்புறைக்குள், ஜீனியின் பெயரில் உள்ள பகுதியில் சாதாரண உரைக் கோப்புகளாகச் சேமிக்கப்படுகின்றன. ஒரு புராஜெக்டுக்காக மட்டும் திருத்தியவை அந்தப் புராஜெக்ட் கோப்பிலேயே தங்குகின்றன. சென்ற முறை கணினி மாற்றியபோது அந்தக் கோப்புறையை அப்படியே நகலெடுத்துப் போட்டேன்; புதிய கணினியில் முதல் முறை எஃப் 9 அழுத்தியபோதே '-எல்எம்' தன் இடத்தில் இருந்தது.