ஐம்பது டாலர் வரும், வரும்

2005 நவம்பர் 25, வெள்ளி. எடிசன், நியூ ஜெர்சி
விடிகாலை நாலு மணிக்கே க்யூ. குளிரில் காது மரத்துவிட்டது. 160 ஜி.பி. ஹார்ட் டிஸ்க் 49.99 டாலர் என்று நோட்டீஸில் கொட்டை எழுத்து. கவுன்ட்டரில் கறந்ததோ 105.99. பொடி எழுத்தை அப்புறம்தான் படித்தேன்: 50 டாலர் மெயில்-இன் ரிபேட். அதாவது முழு விலையையும் கொடுத்து வாங்கி, ரசீதையும் பார்கோடையும் தபாலில் அனுப்பினால், 50 டாலர் பிறகு செக்காகத் திரும்பி வரும். 6 சதவீத வரிகூட முழு 99.99க்கும். ரூம்மேட்டும் ஒன்று வாங்கினான்.

நவம்பர் 27, ஞாயிறு
பெட்டியிலிருக்கும் பார்கோடு ஒரிஜினலே வேண்டுமாம். கத்தரிக்கோல் அட்டையில் இறங்கவில்லை. வெங்காயம் நறுக்கும் கத்தியால் அறுத்ததில் கடைசி எண்ணின் ஓரம் பிய்ந்து, செலோடேப் போட்டு ஒட்டினேன். முழ நீள ரிபேட் ரசீது, ஃபாரம், 37 சென்ட் ஸ்டாம்ப். நாளை ஆபீஸில் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்துவிட்டு மின்னசோட்டாவுக்குத் தபாலில் போடணும்.

டிசம்பர் 11, ஞாயிறு
டிஸ்க் டிக் டிக் என்கிறது. கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பையன் பெட்டியை உயர்த்தி, பார்கோடு இருந்த ஓட்டை வழியாக என்னைப் பார்த்தான். ரிட்டர்ன் கிடையாதாம். வாரன்டியில் கம்பெனிக்கு அனுப்ப வேண்டியதுதான்.

2006 பிப்ரவரி 6, திங்கள்
எட்டிலிருந்து பத்து வாரம் என்றார்கள். சரியாகப் பத்தாவது வாரம் ஒரு கார்டு: நிராகரிப்பு. ஒரு வீட்டுக்கு ஒன்றுதானாம். ரூம்மேட்டுக்குப் போன வாரமே செக் வந்தாச்சு. அவன் தேனி, நான் கும்பகோணம். ஒரே விலாசம் என்பதால் ஒரே குடும்பமாகிவிட்டோம்.

பிப்ரவரி 8, புதன்
போனில் 40 நிமிஷம் ஒரே பாட்டு. கடைசியில் எடுத்த அம்மா லாஸ்ட் நேமைக் கேட்டு, என் அப்பா பெயரைச் சொல்லியே என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேர் பெயரும் உள்ள வாடகை ஒப்பந்தத்தையும் ஜெராக்ஸையும் ஃபேக்ஸ் பண்ணணுமாம்.
"விட்டுத் தொலைடா. நாலு பேர் இப்படி அலுத்துப்போய் விட்டுடுவாங்கங்கிற கணக்குலதான் ஆஃபரே போடுறான்" என்கிறான் ரூம்மேட். செக் வாங்கினவன் பேச்சு.

மார்ச் 31, வெள்ளி
வந்துவிட்டது! பீட்சா கூப்பன்களுக்கு நடுவில், அதுவும் ஒரு விளம்பர கார்டு மாதிரியே. குப்பைக்குப் போயிருக்கும். 90 நாளில் மாற்றாவிட்டால் செல்லாது. பெயரைப் பார்த்தேன்: என் பெயரைக் காணோம், அப்பா பெயர் மட்டும்.
ராத்திரி ஊருக்குப் போன் பண்ணி, "அமெரிக்காவுல உங்க பேருக்கு 50 டாலர் செக் வந்திருக்குப்பா" என்றேன்.
"அப்படியா? அனுப்பி வை" என்றார்.