தீபாவளிக்கு வாடகைக் கார் எடுக்கிறீர்களா?

தீபாவளி நெருங்கிவிட்டால் மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் வாடகைக் கார் கிடைப்பது குதிரைக்கொம்புதான். அதனால் பலர், தெரிந்தவர் மூலமாக யாரோ ஒருவருடைய சொந்தக் காரை நாள் கணக்கில் எடுத்துவிடுகிறார்கள், எனக்கு மிகவும் பயம் தருவது இதுதான். சொந்த உபயோகத்துக்கு எடுத்த காப்புறுதி, வாடகைக்கு விட்ட நேரத்தில் விபத்து நடந்தால் கைவிரித்துவிடலாம். உரிமம் உள்ள நிறுவனத்திடமே எடுங்கள்.

சாவி கைக்கு வந்ததும் கிளம்பிவிடாதீர்கள். நல்ல வெளிச்சத்தில் காரைச் சுற்றி வந்து காணொளி எடுங்கள். முன் பம்பரின் அடிப்பகுதி, ரிம்மின் விளிம்பு, கண்ணாடியில் கல் பட்ட புள்ளி எல்லாவற்றையும் குனிந்து பாருங்கள். செம்பனை லாரிகள் ஓடும் செம்மண் சாலையில் போய்வந்த காரில் கீறல்கள் அங்கேதான் ஒளிந்திருக்கும். பெட்ரோல் முள்ளும் பதிவாகட்டும். அப்புறம் ஸ்பேர் டயர், ஜாக்.

"மச்சான், நீ கொஞ்ச தூரம் ஓட்டு" என்று சாவியைக் கொடுப்பது நம் வழக்கம். ஒப்பந்தத்தில் அவர் பெயர் இல்லையென்றால் வேண்டவே வேண்டாம். நெடுஞ்சாலையில் வேக வரம்பு மணிக்கு 110 கிலோமீட்டர், கேமராவில் சிக்கினால் அபராத சம்மன் பிறகு உங்களைத் தேடி வரும். சுங்கச்சாவடியில் கட்டணம் செலுத்தும் டச் என் கோ கார்டில் பணம் இருக்கட்டும். எல்லை தாண்டி தாய்லாந்தின் ஹாட்யாய் வரை போவதாக இருந்தால் நிறுவனத்தின் அனுமதிக் கடிதத்தையும் தாய்லாந்துக் காப்புறுதியையும் முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள்.