சேர்ச்சிலும் சிறுவர் கதையும் ஒரே தட்டில்

யாழ்ப்பாணத்தில் எங்கள் கல்லூரி நூலகத்தில் புத்தகங்களின் முதுகில் எண் ஒட்டியிருக்கும். ஆனால் அவை அடுக்கப்பட்டது எண்ணைப் பார்த்து அல்ல, உயரத்தைப் பார்த்து. நெட்டையானவை கீழ்த்தட்டு, குட்டையானவை மேல்தட்டு. அதனால் சேர்ச்சிலின் இரண்டாம் உலகப் போர் வரலாறு ஆறு பாகமும், அதே உயரத்தில் இருந்த மொஸ்கோப் படக்கதைகளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கும். நூலகம் படித்தவர்கள் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். எங்களுக்கு அது நன்றாகவே வாய்த்தது.

நான் சொல்வது 1970களின் நடுப்பகுதி. இந்திய இதழ்களின் வரவுக்கு இலங்கையில் கட்டுப்பாடு இருந்த காலம். எங்கிருந்தோ ஒரு பழைய அம்புலிமாமா கிடைத்தால், அட்டை கழரும் வரை வகுப்பெல்லாம் சுற்றிவிட்டுத்தான் உரியவனிடம் திரும்பும். விக்கிரமாதித்தன் முதுகில் தொங்கிய வேதாளத்துக்குக்கூட அவ்வளவு அலைச்சல் இருந்திராது.

நூலகத்தின் பெரிய அலுமாரி ஒரு மலாயன் பென்சனியர் வீட்டிலிருந்து வந்தது. அந்த நாளில் யாழ்ப்பாணத்தில் ஊருக்கு ஒருவராவது அப்படி இருப்பார். மலாயா றெயில்வேயிலோ கந்தோரிலோ உழைத்து, ஓய்வூதியத்தோடு திரும்பி, கல்வீடு கட்டி, விறாந்தையில் சாய்மனைக் கதிரை போட்டு ஆங்கிலப் பேப்பர் வாசிப்பவர். இவர் ஸ்டேசன் மாஸ்டராக இருந்தவர். அவர் காலமான பிறகு பிள்ளைகள் அலுமாரியை உள்ளிருந்ததோடு கல்லூரிக்குக் கொடுத்துவிட்டார்கள். உள்ளே போர் நூல்கள், றெயில்வே கையேடுகள், அவருடைய பிள்ளைகள் வாசித்த எனிட் பிளைட்டன் கதைகள். எல்லாவற்றிலும் பூச்சி உருண்டை வாசம்.

அதில் மலாயாப் போர் பற்றிய ஒரு தடித்த புத்தகம். பின்னட்டையோடு மடித்து ஒட்டிய தேசப்படம். ஜப்பானியர் 1941 டிசம்பர் 8இல் கோத்தா பாருவில் இறங்கி, 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூரைப் பிடித்த 70 நாளும் அந்தப் படத்தில் சிவப்பு அம்புகளாக ஓடும். தைப்பிங், ஈப்போ, கம்பார், சிலிம் ரிவர் என்று ஸ்டேசன் ஸ்டேசனாகப் பென்சிலால் சரி போட்டிருந்தார் மனிதர். ஓரத்தில் ஏதோ நெஞ்சைத் தொடும் வாசகம் இருக்கும் என்று தேடினேன். சிலிம் ரிவரில் ஜப்பானிய டாங்கிகள் அணியைப் பிளந்த பக்கத்தில், ‘மைல் கணக்குப் பிழை’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அவ்வளவுதான். ஒரு பேரரசே சரிந்துகொண்டிருக்கும்போது மைலைத் திருத்தியவர் மேல் எனக்கு இன்றும் மரியாதை.

எங்களைப் பிடித்த இடம் வேறு. ஜப்பானியப் படைகள் சைக்கிளில் வந்தன. டயர் வெடித்தால் ஒட்டிக்கொண்டு நிற்பதில்லையாம். டயரைக் கழற்றி எறிந்துவிட்டு றிம்மிலேயே ஓட்டுவார்களாம். இரவில் அந்தச் சத்தம் எதிரிக்கு டாங்கி வருவது போலக் கேட்டதாம். எங்கள் வகுப்பில் ஒருவன் அதைத் தார் றோட்டில் பரீட்சித்துப் பார்த்தான். றிம் கோணிவிட்டது. டாங்கிச் சத்தம் அவனுடைய அப்பாவின் வாயிலிருந்துதான் வந்தது.

நூலகத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் வரலாறு படிப்பித்த மாஸ்டர். வயதுக்கு ஏற்ற புத்தகம் என்ற பேச்சே அவரிடம் கிடையாது. அவருக்கு இருந்தது ஒரேயொரு சட்டம். ‘நீர் எடுக்கிறது ஒண்டு, நான் தாறது ஒண்டு. ரெண்டையும் வாசிச்சால்தான் அடுத்த கிழமை புத்தகம்.’ போர்க்கதைப் பைத்தியங்களுக்குச் சிறுவர் கதையும், சிறுவர் கதைக்காரருக்குப் போரும் இப்படித்தான் வந்து சேர்ந்தன. ஏ.எல். என்ற உயர்தர வகுப்பில் ஒரு அண்ணா இருந்தார். துடுப்பெடுத்து நின்றால் பந்து வீசுபவனுக்குக் கை நடுங்கும். அவருக்கு மாஸ்டர் கொடுத்தது கரடிக்குட்டி படம் போட்ட ரஷ்யக் கதை. அதைப் பௌதிகக் கொப்பிக்குள் ஒளித்துக்கொண்டு அவர் விறாந்தையைக் கடந்த வேகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. வாசித்தாரா என்றால், வாசித்தார். மாஸ்டர் கேள்வி கேட்பார் என்பது தெரியும்.

எனக்கு அப்படித் தரப்பட்டது ஐத்மாத்தவின் ‘முதல் ஆசிரியர்’, பூ. சோமசுந்தரத்தின் தமிழில். குளிர்ந்த ஓடையில் பிள்ளைகளைத் தூக்கிக் கடத்தும் கிர்கிஸ் கிராமத்து வாத்தியார். எங்கள் ஊரில் ஆறே இல்லை, ஆனாலும் எனக்குக் கால் விறைத்தது. எனிட் பிளைட்டனில்தான் தடுமாற்றம். ஜிஞ்சர் பியர் விளங்கியது. நாக்கு வைத்த சாண்ட்விச் விளங்கவில்லை. யாருடைய நாக்கு? மாஸ்டரே கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘மாட்டின்ர’ என்றார். மூன்று சைவப் பிள்ளைகள் அன்றோடு அந்தத் தொடரை விட்டார்கள். சிங்கப்பூர் விழுந்த அதே 1942இல்தான் அந்தத் தொடரின், ‘பேமஸ் பைவ்’ என்ற ஐவர் கதையின், முதல் புத்தகமும் வந்தது என்று பிறகு கண்டேன். வெளியே குண்டு விழ, உள்ளே தீவும் புதையலும்.

சேர்ச்சிலின் நாலாம் பாகத்தில் இலங்கைக்கென்றே ஒரு அதிகாரம் உண்டு. 1942 ஏப்ரல் 4இல் கொக்கலையிலிருந்து பறந்த கனேடிய விமானி லெனார்ட் பேர்ச்சால், ஜப்பானியக் கடற்படை வருவதைக் கண்டு, சுடப்பட்டு விழுமுன் செய்தி அனுப்பினார். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் குண்டு. ஒன்பதாம் திகதி திருகோணமலை. அந்த மனிதர் நான் இப்போது வாழும் கனடாவின் ஒன்ராறியோவில், கிங்ஸ்டனில்தான் வாழ்ந்திருக்கிறார். 2004இல் அவர் இறந்த செய்தி பேப்பரில் வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. காரில் மூன்று மணி நேரம்கூட இல்லை. போய் ஒரு வணக்கம் சொல்லியிருக்கலாம்.

அந்த நாலாம் பாகம் எங்கள் காலத்திலேயே காணாமல் போய்விட்டது. எடுத்தவர் எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் இந்த மலரையும் வாசிப்பார் என்றே நினைக்கிறேன். சரி, பரவாயில்லை. திருப்பிக் கொடுத்திருந்தால் மற்ற ஐந்தோடும் அதுவும் போயிருக்கும். 1981இல் பொது நூலகம் எரிந்து தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட நூல்கள் போன ஊரில் தப்பி நின்ற அலுமாரி, போரால் ஊரே வெளியேறிய 1995 ஒக்டோபர் இடப்பெயர்வுக்குப் பிறகு இருந்த இடத்தில் இல்லை.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. சங்கம் மறுபடியும் கல்லூரி நூலகத்துக்குப் புத்தகப் பெட்டி அனுப்புகிறது. வந்து சேர்ந்தவற்றைப் பார்த்தேன். முக்கால்வாசி பரீட்சை வழிகாட்டிகள். அவையும் வேண்டியதுதான், பிள்ளைகள் சோதனை எடுக்கத்தானே வேண்டும். ஆனால் அதை வாங்கிக் கொடுக்கப் பெற்றோர் இருக்கிறார்கள். ஒரு கடற்போர் வரலாற்றையோ படம் போட்ட கரடிக் கதையையோ எவரும் வாங்கிக் கொடுக்கப் போவதில்லை. ஆகவே உங்கள் பிள்ளைகள் வாசித்து முடித்த கதைப் புத்தகங்களையும், நீங்கள் வாங்கி வைத்துத் திறந்தே பார்க்காத தடித்த வரலாறுகளையும் தாருங்கள். தமிழானாலும் ஆங்கிலமானாலும் சரி, அட்டை கிழிந்திருந்தாலும் சரி. பழைய வருமான வரி வழிகாட்டிகளை மட்டும் தயவுசெய்து தர வேண்டாம். போன முறை ஒரு பெட்டி நிறைய வந்தது.