அந்த 150 எப்படி எடுத்த 150?

பிபி 150 என்று காட்டியதும் மாத்திரையைக் கூட்டுவது பற்றி யோசிப்பவர்கள் அதிகம். அளவு எடுத்த விதத்தைப் பார்ப்பவர்கள் குறைவு. டாக்டர் மருந்தை மாற்றுவது நீங்கள் கொண்டுபோகும் எண்களை நம்பித்தான்.

முதலில் கையில் சுற்றும் பட்டை. பருத்த கைக்குச் சிறிய பட்டை என்றால் அளவு ஏறித்தான் காட்டும். மேல்கையின் நடுவில் டேப்பால் சுற்றளவு எடுங்கள். பட்டையில் அச்சிட்டிருக்கும் சென்டிமீட்டர் அளவுக்குள் அது வரவேண்டும். சட்டை மேல் கட்டக் கூடாது. சட்டைக்கையை இறுக்கிச் சுருட்டிவிட்டுக் கட்டுவதும் தப்பு. கையை மேஜைமேல் வைத்து, பட்டை நெஞ்சு மட்டத்தில் இருக்கும்படி பாருங்கள். கை 10 செ.மீ. கீழே இறங்கினாலே 7, 8 புள்ளி கூடிவிடும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிந்து, 5 நிமிடம் சும்மா இருந்த பிறகே பட்டனை அழுத்த வேண்டும். பேச்சு கூடாது, கால்மேல் கால் கூடாது, சிறுநீரை அடக்கிக்கொண்டும் உட்காரக் கூடாது. காபி, சிகரெட், நடைப்பயிற்சி எல்லாம் அரை மணி நேரத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

காலையில் மாத்திரைக்கு முன், ஒரு நிமிட இடைவெளியில் 2 முறை, மாலையிலும் அதேபோல். 7 நாள் எழுதி, முதல் நாளைத் தள்ளிவிட்டு, மிச்சத்துக்குச் சராசரி போடுங்கள். வீட்டுச் சராசரி 135/85-ஐத் தாண்டினால் டாக்டரிடம் பேசியாக வேண்டும். 180/120-க்கு மேல் போய், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கைகால் பலவீனம், பேச்சுக் குழறல் என்று எதுவும் இருந்தால் சராசரிக் கணக்கெல்லாம் வேண்டாம். உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

சுகரில் அடிக்கடி நடக்கும் தவறு, பழம் உரித்த விரலிலேயே குத்துவது. ஒட்டியிருக்கும் சர்க்கரை அளவை ஏற்றிவிடும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாலும் முழுக்கப் போகாது. சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். விரலை அழுத்திப் பிழியாதீர்கள். சாப்பிட்ட பின் 2 மணி நேரம் என்பது முதல் வாய் எடுத்ததிலிருந்து கணக்கு. டெஸ்டுக்கு முந்தைய இரண்டு நாள் மட்டும் பத்தியம் இருந்து எச்பிஏ1சி என்ற ரத்த டெஸ்டை ஏமாற்ற முடியாது, அது காட்டுவது 2, 3 மாத சுகரின் சராசரி. ஆனால் இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை அதைக் கூட்டிக் காட்டலாம். அண்மையில் ரத்தம் இழந்திருந்தால் குறைத்துக் காட்டலாம். இரண்டில் எது இருந்தாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கொலஸ்ட்ராலில் எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், பெரும்பாலும் நேரடியாக அளக்கப்படுவதில்லை, கணக்குப் போட்டு எடுப்பது. ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக் கொழுப்பு 400-ஐத் தாண்டினால் வழக்கமான சூத்திரம் செல்லாது. நேரடி எல்டிஎல் டெஸ்ட் தேவைப்படலாம். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை தொடங்கினால் 4 முதல் 12 வாரத்துக்குள் திரும்பப் பார்ப்பது வழக்கம். ரிப்போர்ட் நன்றாக வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் சிக்கல்: எண் இறங்கியதே மாத்திரையால்தான், சில வாரத்தில் பழையபடி ஏறிவிடும். தசைவலி வந்தாலும் நீங்களாக விடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கும் மாற்றலாம். வலியோடு சிறுநீர் கருத்துப் போனால் மட்டும் அன்றைக்கே போய்க் காட்டிவிட வேண்டும்.